கப்பலேறப் போன நாலு பேர்

"கப்பல் என்று சொன்னால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?"

படுவான்கரையிலுள்ள ஒரு கிராமத்தில் எமது பெண்கள் குழுக் கூட்டத்தில் நான் இப்படிக் கேட்டேன். கூட்டத்தின் பொருள் வேறு, கோழி வளர்ப்புக் கடனைப் பற்றியது. நான் லீவு எடுத்துக்கொண்டு கப்பலில் இந்தியா போகப் போகிறேன் என்பதைச் சொல்வதற்காகவே அந்தக் கதையைத் தொடங்கினேன். வந்த பதில்கள் வேறு விதமாக இருந்தன. 2009 இல் புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்றிவந்த கப்பலைச் சொன்னார் வன்னியில் வாழ்க்கைப்பட்டிருந்த ஒரு அக்கா. தகப்பனுடைய தலைமாட்டில் அவரும் அதில் வந்தவராம். அந்த நாலு மாதத்துக்குள் காயப்பட்டவர்களும் நோயாளரும் பராமரிப்பாளருமாகச் சுமார் 14,000 பேர் அவ்வாறு கடல்வழியாகக் கொண்டுவரப்பட்டனர். இன்னொருவருக்கு ஞாபகம் வந்தது, 1992க்குப் பிறகு இந்தியாவிலிருந்து அகதிகளைத் திருப்பிக் கொண்டுவந்த கப்பல். ஒரு இளம் தாய் மட்டும் ரெலிவிசனில் பார்த்த ரைட்டானிக் படத்தைச் சொன்னார். அதுவும் தாழ்ந்துபோன கப்பல்தான் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

சந்தோசமாகப் பயணம் போவதற்குக் கப்பல் ஏறலாம் என்ற எண்ணம் அங்கிருந்த இருபது பேரில் ஒருவருக்கும் வரவில்லை. எனது வீட்டிலும் அதே நிலைதான்.

எனது அம்மாவுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. வாவிக்கரையில் பிறந்தவர். மண்முனைத் துறையில் பாதை ஓடிய காலத்தில், நெல்மூட்டைகளோடும் மாடுகளோடும் எழுவான்கரைக்கு வந்துபோனவர். (எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றால் ஆட்களையும் வாகனத்தையும் மிதத்திக்கொண்டு போவது. வேறு ஊர்ப் பெண்கள் இதை வாசித்துக் குழம்ப வேண்டாம்.) 2014 ஏப்ரலில் ஜப்பான் உதவியுடன் கட்டிய பாலம் திறக்கப்பட்ட பிறகுதான் அந்தத் துறையில் பாதைக்குக் காத்து நிற்பது நின்றது. அம்மாவின் கணக்கில் அவர் தண்ணீரைக் கடந்த பெரிய பயணங்கள் எல்லாம் ஓட்டங்கள்தான். 1990 இல் ஒருமுறை, 2007 பங்குனியில் படுவான்கரை முழுவதும் கிளம்பியபோது ஒருமுறை. அந்த முறை அக்காவும் நானும் ஆளுக்கொரு பையோடு அம்மாவுக்குப் பின்னால் நடந்தோம்.

அம்மாவின் ஒரே தங்கை, எனது சின்னம்மா, திருகோணமலைப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவர். 1990 இல் மன்னாருக்குப் போய், இரவோடு இரவாக வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் திருச்சிப் பக்கமுள்ள முகாமில்தான் இருக்கிறார். 2021 இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அப்போது சொல்லப்பட்ட கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள், வெளியிலே இன்னும் 34,087 பேர். சின்னம்மா அந்த 58,822 இல் ஒருவர். அவரிடம் பாஸ்போட் இல்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே. முறைப்படி நாட்டைவிட்டுப் போகவில்லை என்பதற்காக, திரும்பிவந்த ஒரு முதியவர் பலாலி விமானநிலையத்தில் தடுக்கப்பட்ட செய்தி 2025 மே மாதம் வந்ததும் அவருக்கிருந்த கொஞ்ச ஆசையும் போய்விட்டது.

ஆகவே நாங்கள்தான் போக வேண்டும் என்றாயிற்று. பலாலியிலிருந்து சென்னைக்குப் பிளேனும் இருக்கிறதே என்றேன். அம்மா கேட்கவில்லை.

"அவள் கடலாலதான் போனவள். நானும் கடலாலதான் போவன் மனே."

காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கடல்தூரம் 110 கிலோமீற்றர் அளவு, நாலு மணித்தியாலப் பயணம். 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி 'செரியபாணி' என்ற கப்பலுடன் இந்தச் சேவை தொடங்கியது. அன்றைய கட்டணம் வரியுடன் ஒருவழிக்கு 7,670 இந்திய ரூபா. நாலு பேருக்குக் கணக்குப் பார்த்துவிட்டு நாங்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டோம். மாரிக்காற்றுக்காக அதே மாதமே சேவை நின்றது. 2024 ஓகஸ்ட் 16 இல் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது, கட்டணமும் குறைந்தது. மாரிக்கு மீண்டும் நிறுத்தி, 2025 பெப்ரவரி 22 இல் மறுபடியும் தொடங்கினார்கள். மழைக்காலத்தில் இந்தக் கடலை நம்பி நாள் குறிக்க முடியாது என்பதைப் போக நினைப்பவர்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆடி மாதத்தைத் தெரிவு செய்தோம்.

அம்மா, அக்கா, அக்காவின் மகள், நான். நாலும் பெண்கள். "ஆம்பிளை ஆர் வாறது?" என்ற கேள்வியை நாங்கள் ஊரிலும் பஸ்சிலும் துறைமுகத்திலுமாக எத்தனை தடவை கேட்டோம் என்று எண்ணவில்லை. இரண்டு இடப்பெயர்வுகளையும் சுனாமிக் காலத்தையும் ஆணில்லாமல் கடந்துவந்த ஒரு வீட்டுக்கு, டிக்கட் எடுத்துக் கதிரையில் இருந்து போகும் பயணத்துக்கு ஆண் துணை வேண்டுமாம்! சமூகவியல் படித்த எனக்கு இதற்கு நீண்ட விளக்கம் சொல்லத் தெரியும். அம்மா சொன்னது சுருக்கமானது: "கப்பலோட்ட ஆம்பிளை இருப்பான்தானே."

டிக்கட் காசை விட எங்களை அலைக்கழித்தது ஒரு படிவம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

அத்தான் 2008 கார்த்திகையில் சந்திக்குப் போனவர் வரவில்லை. அக்கா அப்போது ஏழு மாதம். மகள் தகப்பனைக் காணாமலே பிறந்தாள். 2024 இல் பாஸ்போட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அவளுக்குப் பதினைந்து வயது. சிறுபிள்ளையின் பாஸ்போட்டுக்குத் தாயினதும் தகப்பனினதும் சம்மதம் கேட்கிறார்கள். தகப்பன் எங்கே? ஒரு அலுவலகத்தில் இருந்த உத்தியோகத்தர், கெட்ட எண்ணத்தில் அல்ல, வேலையை முடிக்கும் அவசரத்தில், "மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வாங்க, சுகம்" என்றார். அக்கா படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டா. பஸ்சில் வரும்போது ஒன்றும் கதைக்கவில்லை. இரவு சமைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னா: "ஒரு கப்பல் பார்க்கிறதுக்காக அவரை நான் சாகடிக்கிறதா?"

நான் நிவாரண வேலை செய்கிறவள். எத்தனையோ பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள். அந்த இரவு அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன்.

பலருக்கும் தெரியாத விடயம் ஒன்று உண்டு. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணப்பதிவு செய்ய வழி வந்தது. எமது பெண்களில் கணிசமானோர் அதை ஏற்கவில்லை. உடலையும் காணாமல், நடந்ததையும் அறியாமல் 'இறந்துவிட்டார்' என்று கையெழுத்து வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பின்னர் 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வேறொரு சான்றிதழைக் கொண்டுவந்தது. அது ஆள் இறந்ததாகச் சொல்லாது, காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும். பிள்ளைகளின் தற்காலிகப் பாதுகாவல், சொத்தைப் பராமரித்தல், சமூக நலக் கொடுப்பனவு போன்றவற்றுக்கு இதைக் காட்டலாம். அதே வருடத்தில் இன்னொரு சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பதிந்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

அக்கா இதையும் உடனே ஏற்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. "பேப்பர் தந்து எங்கட வாயை மூடப் பார்க்கிறாங்க" என்று வீதியில் நிற்கும் தாய்மார் சொல்வதில் உள்ள நியாயத்தை அவ அறிந்தவ. தேடலை நிறுத்த இது காரணமாகக் கூடாது என்றா. இரண்டு மாதம் யோசித்தா. மகள்தான் கடைசியில் கேட்டாள், "அம்மா, அதுல அப்பாட பேர் இருக்குமா?" இருக்கும் என்றேன். அதன் பிறகு அக்கா கையெழுத்து வைத்தா. அந்தச் சான்றிதழும், கிராம சேவகர் கடிதமும், சத்தியக் கடதாசியுமாக மூன்றாம் தடவை போனபோதுதான் பாஸ்போட் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அக்காவுக்கு அந்தப் போக்குவரத்துச் செலவே ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு. குழுக்கடன் எடுக்காமல் ஒரு பசுக்கன்றை விற்றுச் சமாளித்தா.

பயணத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ். விடிய யாழ்ப்பாணம், அங்கிருந்து இன்னொரு பஸ்சில் காங்கேசன்துறை. அம்மா எட்டு மணித்தியாலமும் மடியில் ஒரு தயிர் முட்டியை வைத்துக்கொண்டு வந்தா. தயிரைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். இறால் கருவாட்டையும் கஜுவையும் வேண்டுமானால் கேட்டுப் பார்ப்போம், தயிர் வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு விளங்கவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு தங்கச்சியைப் பார்க்கப் போகிறவ மட்டக்களப்புத் தயிர் இல்லாமல் எப்படிப் போவது?

காங்கேசன்துறை நெடுங்காலம் அதியுயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த இடம். 1990 இல் மூடிய சீமெந்துத் தொழிற்சாலை பாழடைந்து நிற்கிறது. மருமகள் அதையெல்லாம் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தாள். அவள் மனதில் இருந்தது வேறு கப்பல். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கு வந்த 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பலை அவள் போனில் பார்த்திருந்தாள். நீச்சல் தடாகம், நாடக மண்டபம், பல தட்டுகளில் அறைகள். எங்கள் கப்பலைக் கண்டதும், "இது பஸ்தானே சித்தி, தண்ணிக்குள்ள ஓடுற பஸ்" என்றாள். உண்மைதான். நூற்றைம்பது பேர் வரிசையாகக் கதிரையில் இருந்து போகிற கப்பல் அது.

காத்திருக்கும் மண்டபத்தில் பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்தவர். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட பிறகு இதே துறைமுகத்திலிருந்துதான் திருகோணமலைக்குக் கப்பலேறினாராம். "அப்ப பதிஞ்சுபோட்டு நாட்கணக்காக் காத்திருந்தனாங்கள், பெயர் வந்தால்தான் பயணம். இண்டைக்கு நான் ஆருக்கும் பயப்பிடாமல் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்றார். அம்மா பையிலிருந்து கஜுப் பைக்கற் ஒன்றை எடுத்து அவருக்குக் கொடுத்தா. தயிர் முட்டியையும் அவரிடமே கொடுக்கப் பார்த்தா. அவரும் கப்பலேறுபவர்தானே! கடைசியில் வாசலில் நின்ற முச்சக்கரவண்டிக்காரத் தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது அந்தத் தயிர்.

குடிவரவு மேசையில் மருமகளின் பாஸ்போட்டைப் பார்த்தவர் "அப்பா வரல்லையா?" என்று கேட்டார். அக்கா கடதாசிக் கட்டை எடுத்து மேசையில் வைத்தா. அவர் இரண்டு தாளை வாசித்தார். நிமிர்ந்து பார்க்காமல் முத்திரை குத்தினார். அக்காவின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பிள்ளை பார்க்கவில்லை.

கப்பலில் முதல் ஒரு மணித்தியாலம் அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. பிறகு சத்தி எடுத்தா. அக்காவுக்கும் நல்லாயில்லை. எலுமிச்சம்பழமும் பொலித்தீன் பையும் கையில் வைத்திருங்கள், காலையில் எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம். கரை மறைந்த பிறகு அம்மா கண்ணைத் திறந்து கண்ணாடியால் வெளியே பார்த்தா. "இவ்வளவு கடல்... இருட்டுக்குள்ள, கைப்புள்ளையோட வந்தவள்" என்றா. மறுகா ஒன்றும் பேசவில்லை.

நாகப்பட்டினத்தில் சுங்கச் சோதனை முடிந்து வெளியே வர இருட்டிவிட்டது. வாசலில் ஆட்கள். அம்மா நேரே நடந்து ஒரு நரைத்த மனுசியைத் தாண்டிப் போனா. போனில் தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் அம்மா தேடியது வேறு முகத்தை. பின்னாலிருந்து "அக்கே" என்று ஒரு குரல் வந்தது. குரல் மாறவில்லை.

ஐந்து நாள் இருந்தோம். வேளாங்கண்ணிக்குப் போனோம். இருவரும் ஒரே பாயில் படுத்து விடிய விடியக் கதைத்தார்கள். அவற்றை எழுத எனக்கு உரிமையில்லை.

திரும்பி வந்து அடுத்த குழுக் கூட்டத்துக்குப் போனேன். கப்பலைப் பற்றி இரண்டு நிமிடம் கேட்டார்கள். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது ஒரு அக்கா வந்து பக்கத்தில் நின்றா. மகன் கட்டாரில், ஒரு தடவை வந்து பார் என்று கூப்பிடுகிறானாம், சின்னவளையும் கூட்டிக்கொண்டு. "அந்தப் பேப்பர், செத்ததெண்டு சொல்லாத பேப்பர், அதுக்கு எங்க போகணும் கா?" என்று மெதுவாகக் கேட்டா. அவவுக்குப் பின்னால் இன்னும் இருவர் நின்றிருந்தார்கள். மூவரின் பெயரையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை பஸ்சில் ஒன்றாகப் போகிறோம்.