லோதி காலனிச் சுவரோவியங்கள்

புதுதில்லி
குடியிருப்பு: 1940கள் | ஓவியங்கள்: 2015 முதல்

பிரிட்டிஷ் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு இது. உயர்ந்த வளைவு வாயில்களும் தெருவைப் பார்த்த நீண்ட சுவர்களும் இதன் அடையாளம். 2015 முதல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையின் முயற்சியில், இந்திய, வெளிநாட்டு ஓவியர்கள் இச்சுவர்களில் 50-க்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டியுள்ளனர். கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் இடையே நடந்தே இவற்றைக் காணலாம்.

‘டாகு’ என்ற புனைபெயர் கொண்ட கலைஞரின் படைப்பு தூரிகையால் வரைந்தது அன்று. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளின் நிழலே சொற்களாக விழுகிறது. வெயில் நகர நகர நிழலும் மாறும்.

கட்டணம் இல்லை. சுவர்களுக்குப் பின்னே குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் அமைதியைக் காத்துப் பார்வையிடுங்கள்.