கோதுமையா, காசா?

ஓர் ஏழை நாட்டில் பஞ்சம். உதவ நினைக்கும் பணக்கார நாடு தன் ஊர்க் கோதுமையை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றலாம். இல்லையென்றால் பணத்தை அனுப்பி, அக்கம்பக்கத்திலேயே தானியம் வாங்கச் சொல்லலாம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே 2009-ல் கணக்குப் போட்டுச் சொன்னது. ஆப்பிரிக்காவின் பத்து நாடுகளுக்கு அமெரிக்கத் தானியம் போய்ச் சேரச் சராசரியாக 147 நாள். அந்தந்த நாட்டிலேயே வாங்கினால் 35 நாள். சஹாராவுக்குத் தெற்கே செலவும் சுமார் 34 சதவீதம் குறைந்தது. பிறகு ஏன் கப்பல்?

காரணம் கொடுக்கிறவர் வீட்டுக்குள் இருக்கிறது. 1954-ல் ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்திட்ட பி.எல். 480 சட்டம், அமெரிக்கக் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த உபரித் தானியத்துக்கு வழி தேடிய சட்டம். அனுப்புவதில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போக வேண்டும் என்ற விதியும் உண்டு. விவசாயி, கப்பல் முதலாளி இருவருக்கும் இதில் பங்கு. உதவிக்கு நிதி கேட்டு அங்கே குரல் கொடுப்பவர்களும் அவர்களே. பணமாகக் கொடுத்தால் அந்தக் குரல் அடங்கிவிடும். கனடா துணிந்தது: உணவு உதவிப் பணத்தில் 90 சதவீதம் சொந்த நாட்டுத் தானியத்துக்கே என்றிருந்த விதியை 2005-ல் தளர்த்தி, 2008-ல் முழுதாகக் கைவிட்டது.

அந்த பி.எல். 480 சட்டப்படி நம் ரேஷன் கடைக்கு வந்த அமெரிக்கக் கோதுமையில் பெரும்பகுதி தானமே இல்லை, விற்பனை. விலையை ரூபாயில் வாங்கி இங்கேயே போட்டு வைத்தார்கள். அந்தத் தொகை ஏறிக்கொண்டே போய், 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடம் திருப்பித் தந்தார்! அதற்கு முன், 1960-களின் நடுவில் வறட்சி வாட்டியபோது, அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அளந்து விட்டார். இந்தியா விவசாயக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது அவர் நெருக்கடி. வியட்நாம் போரை டெல்லி கண்டித்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

காசும் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. சந்தையில் சரக்கே இல்லாத ஊரில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால், இருக்கிற சோளத்தின் விலைதான் ஏறும். அங்கே மூட்டைதான் கதி. கப்பல் தாமதத்தைக் குறைக்க, அமெரிக்கா கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டித் துறைமுகத்தில் கிடங்கு பிடித்து, பஞ்சம் வருவதற்கு முன்பே தானியத்தை அடுக்கி வைத்தது.