மனையைப் பார்த்தோம், ரோட்டைப் பார்க்கவில்லை

இந்தப் பகுதியில் சகோதரிகள் பலர் மாமியார், மருமகள், பிள்ளைகள் படிப்பு என்று மனம் திறந்து எழுதுகிறார்கள். வாராவாரம் படித்து, சில சமயம் கண் கலங்கியும் இருக்கிறேன். நான் எழுத வந்தது என் வீட்டைப் பற்றி. வீட்டுக்காரரைப் பற்றி அல்ல; அவர் பாவம், இதில் என்னோடு சேர்ந்து மாட்டிக்கொண்டவர்.

எனக்கு வயது 51. பிறந்தது திருமலைராயன்பட்டினம். வாழ்க்கைப்பட்டது காரைக்கால் டவுன். கணவர் குவைத்தில் டிரைவராக இருந்தார். இரண்டு பெண்கள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், சுவரில் ஒரு ஆணி அடிப்பதற்குக்கூட மாடியில் இருக்கும் அம்மாவிடம் போய் நிற்க வேண்டும். மோட்டார் போடும் நேரம், விருந்தாளி வரும் நாள், துணி காயப்போடும் கொடி, எல்லாவற்றுக்கும் கணக்கு. 'எலிவளையானாலும் தனிவளை வேணும்டி' என்று என் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார்.

2009-ல் கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்தது. அப்போது பிடித்தது எங்கள் ஊருக்கு மனைப் பைத்தியம். "போர்ட் வந்தாச்சு, ரயில் வரப்போவுது, இனிமே காரைக்கால் இந்தக் காரைக்கால் இல்ல" என்று டீக்கடையிலிருந்து கல்யாணப் பந்தி வரை இதே பேச்சு. ரயிலும் 2011-ல் நாகூரிலிருந்து வந்துவிட்டது. நேற்று வரை நாற்றங்கால் இருந்த வயலில் மறுநாள் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி பறக்கும். வரிசையாக வெள்ளை அடித்த கல். நுழைவாயிலில் ஒரு வளைவு, அதில் ஏதாவது ஒரு 'நகர்'. வேன் வைத்துக் கூட்டிப் போய், மதியம் பிரியாணி போட்டு, அன்றே முன்பணம் கட்டினால் அரை கிராம் தங்கக் காசு என்றார்கள். அந்தக் காசு இன்னமும் என்னிடம் இருக்கிறது. என் வாழ்க்கையிலேயே அதிக விலை கொடுத்து வாங்கிய தங்கம் அதுதான்.

ஊருக்குள் மனை விலை எங்களுக்கு எட்டவில்லை. எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம், நாகூர் போகிற வழியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் சதுர அடி 160 ரூபாய் என்றார்கள். 2010-ல் 1,200 சதுர அடி வாங்கினோம், 1,92,000 ரூபாய். மொத்தம் 64 மனை. நோட்டீசில் 30 அடி ரோடு, பூங்கா, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் கலர் கலராக இருந்தது. "அப்ரூவல் இருக்கா அண்ணே?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. "பஞ்சாயத்து அப்ரூவல்மா, தலைவர் சீல் இருக்கு பாருங்க" என்று காட்டினார். வட்டமாக, ஊதா மையில், அழகாக இருந்தது அந்த சீல். நம்பிவிட்டேன்.

தமிழ்நாட்டில் வயலை மனையாகப் பிரிக்க நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டி.டி.சி.பி., அனுமதி தர வேண்டும். ஊராட்சித் தலைவர் சீல் மட்டும் அதற்குப் போதாது என்பதை நான் தெரிந்துகொண்டது பின்னால் வங்கியில் லோன் கேட்டபோது. மேனேஜர் பத்திரத்தை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது அன்அப்ரூவ்டும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அதற்குள் சதுர அடி 350 ஆகிவிட்டிருந்தது. விலை ஏறினால் நமக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? பெரிய புத்திசாலி என்று நாத்தனார் வீட்டில் எனக்குத் தனி மரியாதையே இருந்தது!

லோன் இல்லாமலேயே கட்டினோம். 22 பவுன் போயிற்று. பாதி விற்று, பாதி அடகில். குவைத் சம்பளம் அப்படியே சிமெண்டும் கம்பியுமாக மாறியது. நானே சித்தாள்களோடு நின்று தண்ணீர் பிடித்து சுவருக்கு ஊற்றினேன். 2015 தை மாதம் கிரகப்பிரவேசம். அன்று பால் பொங்கியபோது நான் அழுததை என் பெண்கள் இப்போதும் கேலி செய்வார்கள்.

64 மனையில் வீடு கட்டியது நாங்கள் மட்டும்தான்.

மற்றவர்கள் எல்லாம் விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டவர்கள். குவைத், சிங்கப்பூர், பிரான்ஸ் என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். மனையில் கருவேலம் முளைத்தது. ராத்திரி வாசல் விளக்கை அணைத்தால் சுற்றிலும் கும்மிருட்டு. ஒருமுறை நல்ல பாம்பு துணி துவைக்கிற கல்லில் சுருண்டு படுத்திருந்தது. கத்தினால் கேட்பதற்கு ஆள் இல்லை. கணவர் வெளிநாட்டில், பெரியவள் காலேஜ், சின்னவள் பள்ளிக்கூடம். பகல் முழுவதும் நானும் டி.வி.யும். மாடியில் இருந்த அந்த அம்மாவின் சத்தத்துக்காக ஏங்கிப் போனேன் என்றால் நம்புவீர்களா?

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. கேஸ் சிலிண்டர் மிதந்தது. மூன்றாம் நாள் முழங்கால் தண்ணீரில் ஒரு அம்மா வந்தார், பின்னால் இருக்கும் வயல்காரர் வீட்டு அம்மா. உதவிக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் அழுதுகொண்டே வந்திருந்தார். அவர்கள் சம்பா நடவு முழுக்க மூழ்கிவிட்டது. "எங்க வடிகா மேலதாம்மா நீங்க ஊடு கட்டியிருக்கீங்க. ஒங்களச் சொல்லி என்ன, வித்தவனச் சொல்லணும்" என்றார். நோட்டீசில் சாக்கடை என்று கோடு போட்டிருந்தது அவர்கள் வயல் வடிகாலாம். அதைத் தூர்த்துத்தான் ரோடு என்று மண் அடித்திருந்தார்கள். என் கஷ்டத்தையே பெரிதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

2016-ல் கணவர் சர்க்கரை வியாதி முற்றி, வேலையை விட்டுத் திரும்பினார். பெரியவளுக்கு வரனும் அமைந்தது. வீட்டை விற்றுவிட்டு டவுனுக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தோம். நாகூரிலிருந்து ஒருவர் 24 லட்சத்துக்குப் பேசி ஒரு லட்சம் முன்பணமும் கொடுத்தார். ஆவணியில் பத்திரம் போடலாம் என்று நான் சொன்னதற்கு அவர்தான் புரட்டாசி போகட்டும் என்றார். செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளையும் அதில் கட்டிய வீடுகளையும் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டுவிட்டது. வயல்களெல்லாம் மனையாவதை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் போட்ட பொதுநல வழக்கு. மழையில் வந்து அழுத அந்த அம்மாவை நினைத்தால் அந்தத் தீர்ப்பை என்னால் திட்ட முடியவில்லை. என் பெண்ணின் கல்யாணத்தை நினைத்தால் திட்டாமலும் இருக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில், நவம்பர் 8-ம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். நாகூர்க்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தோம். கல்யாணம் வட்டிக் கடனில் நடந்தது.

350-க்குப் போன மனையை அதன்பின் 200-க்குக்கூடக் கேட்க ஆளில்லை. வளைவில் எழுதியிருந்த 'நகர்' உதிர்ந்து வெறும் கம்பிதான் நின்றது. அதையும் 2018-ல் கஜா புயல் சாய்த்தது.

என் அக்கா மகள் நர்ஸாக அயர்லாந்தில் இருக்கிறாள். போனில் அழுதபோது அவள் சொன்னாள்: "சித்தி, இங்கயும் இதே கதைதான். 2008-ல வீட்டு விலை விழுந்ததும் கட்டிட்டிருந்தவங்க அப்படியே போட்டுட்டுப் போய்ட்டாங்களாம்." 2010-ல் கணக்கெடுத்தபோது அப்படி முடியாமல் நின்ற குடியிருப்புகள் 2,800-க்கும் மேலே இருந்தனவாம். பேய்க் குடியிருப்பு என்றே பேர் வைத்திருந்தார்களாம். தெருவிளக்கு இல்லாத தெருவில் ஒன்றிரண்டு குடும்பம் மட்டும் குடியிருந்ததாம். எங்கோ ஒரு வெள்ளைக்காரி என்னைப் போலவே இருட்டில் ஜன்னலைச் சாத்தியிருப்பாள் என்று நினைத்தபோது, ஆறுதல் என்று சொல்ல முடியாது, ஆனால் என்னவோ செய்தது.

2017 மே மாதம் தமிழ்நாடு அரசு வரன்முறை விதிகள் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி அனுமதி வாங்கலாம் என்றது. கெடுவைப் பலமுறை நீட்டினார்கள். என் நோட்டுப் புத்தகத்தில் 64 பேர் பெயரையும் எழுதி வைத்து, ஒவ்வொருவராகப் போன் போட்டேன். 27 பேர் கிடைத்தார்கள். விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்: "ரோடு யாரு பேர்ல இருக்கும்மா?"

எனக்குப் புரியவில்லை. ரோடு யார் பேரில் இருக்கும்? எல்லாருக்கும் பொதுதானே?

இல்லை சகோதரிகளே. மனைப் பிரிவில் இருக்கிற ரோட்டையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்காதவரை அது தனியார் இடம். அதில் ஊராட்சி தார் போடாது, விளக்கும் போடாது. எங்களுக்கு விற்றவர் நிலத்தை விலைக்கு வாங்கவே இல்லை. ஒரு பெரியவரிடம் பவர் பத்திரம் வாங்கிக்கொண்டு மனை மனையாக விற்றிருக்கிறார். பெரியவர் 2013-ல் இறந்துவிட்டார். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் போய்விடுமாம். ஆக, நாங்கள் தினமும் நடக்கிற ரோடு இன்னமும் செத்துப்போன பெரியவர் பேரிலேயே இருக்கிறது. அவருக்கு வாரிசு நாலு பேர். மூன்று பேர் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார்கள், நாலாவது ஆள் பணம் கேட்கிறார். பூங்கா என்று பச்சையடித்துக் காட்டிய இடம்? அதையும் நாலு மனையாக்கி விற்றாயிற்று. விற்றவர் ஆபீசைக் காலி செய்து பல வருஷமாகிறது.

எல்லை தாண்டியதில் இன்னொரு அடி. நம் ஊர்க்காரர்களுக்கு எல்லை என்றால் பெட்ரோல் விலைதான் ஞாபகம் வரும். சின்னவளுக்குப் புதுச்சேரி ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டுக்காக இருப்பிடச் சான்று கேட்டபோது, "நீங்க இப்ப நாகை மாவட்டமாச்சே" என்றார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி வந்ததற்கு அத்தனை விலை. அவள் இன்றும் குத்திக் காட்டுவாள்.

இப்போது மனை வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாரும் பார்ப்பார்கள். அதோடு ரோட்டுக்கான தானப் பத்திர நகலைக் கேளுங்கள். பவர் வைத்து விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தைப் பிரித்து விற்கிறவர்கள் பதிவு செய்து, அந்த எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. காரைக்கால் பக்கம் என்றால் நகர அமைப்புக் குழுமத்தில் விசாரியுங்கள். முக்கியமாக, வேன் அனுப்புகிறேன் என்றால் சித்திரையில் போகாதீர்கள். கார்த்திகையில் போங்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பக்கத்து மனை திருநள்ளாறில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு வாத்தியாருடையது. 2012-ல் 320 ரூபாய்க்கு வாங்கினார். இப்போது மகள் கல்யாணத்துக்காக 250-க்கு விற்கிறார். நல்ல மனிதர். கஜா புயலில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது சோறு கட்டிக்கொண்டு வந்தவர். முதல் நாள் போன் செய்து, "நாளைக்கு மனை பார்க்க வர்றாங்க தங்கச்சி, நீங்கதான் பக்கத்துல இருக்கறவங்க, கேட்டா பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

இளம் ஜோடி. கையில் குழந்தை. வாடகை வீட்டில் இருக்கிறார்களாம். அந்தப் பெண் என் வாசலில் நின்று, தயங்கி, "இங்க மழைல தண்ணி நிக்குமாக்கா?" என்று கேட்டாள்.

பத்து வருஷமாக ஒரு பக்கத்து வீட்டுக்காக ஏங்குகிறேன். குழந்தை வேறு என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒரு வார்த்தை 'இல்லம்மா' என்றால் போதும், எனக்கும் துணை வரும், வாத்தியார் வீட்டுக் கல்யாணமும் நடக்கும். உள்ளே கூட்டி வந்து, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டினேன். மூன்று முறை வெள்ளையடித்தும் போகாத கோடு. ரோட்டுக் கதையையும் சொன்னேன். காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் வாத்தியார் போன் செய்தார். கோபமே இல்லை. "உங்களைப் பொய் சொல்லச் சொல்லலையேம்மா. ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாமே" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கல்யாணம் தை மாதம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
காரைக்கால் எல்லையிலிருந்து.