கையெழுத்திடுமுன் கணக்குப் பாருங்கள்



பிழைப்பிற்காக மும்பை, பெங்களூரு, டில்லி என்று குடிவந்த நம்மில் பலருக்கு ஊரில் சில ஏக்கர் மானாவாரி நிலம் இன்னும் உண்டு. உழுவாரின்றி அது தரிசாய்க் கிடக்கிறது. “நாட்டு மரங்களை நடுங்கள், கார்பன் கிரெடிட் மூலம் பணம் வரும்” என்று ஒருவர் ஒப்பந்தத் தாளோடு உங்கள் வயதான பெற்றோரிடம் வரக்கூடும். அவர்கள் கையெழுத்திடுமுன் நீங்கள் சிலவற்றை அறிந்திருப்பது நலம்.

கார்பன் கிரெடிட் என்பது என்ன?

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து, அதிலுள்ள கரியைத் தன்னுள் சேர்த்து வைக்கிறது. அவ்வாறு ஈர்க்கப்பட்ட ஒரு டன் வாயுவுக்கு ஒரு கிரெடிட். புகை வெளியிடும் நிறுவனங்கள் அதை விலைக்கு வாங்குகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரி. ஒரு கிலோ கரி 3.67 கிலோ வாயுவுக்குச் சமம். ஆகவே ஒரு கிரெடிட்டுக்கு, வேரும் சேர்த்து, சுமார் 545 கிலோ உலர் எடையுள்ள மரம் வளர்ந்து நிற்க வேண்டும். மழையை மட்டும் நம்பிய நிலத்தில் இது ஓரிரு ஆண்டில் ஆகும் காரியமன்று. வரும் தொகையிலும் அளவீடு, சரிபார்ப்பு, பதிவு ஆகிய செலவுகள் கழியும். மரங்கள் பட்டுப்போனால் ஈடுசெய்யவும் கிரெடிட்டில் ஒரு பங்கு ஒதுக்கப்படும்.

எந்த மரம் ஏற்றது?

காங்கயம் பகுதியின் கொரங்காடுகளைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே இடைவெளிவிட்டு வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். மாடுகளும் ஆடுகளும் அங்கே மேய்கின்றன. மரம் நிழலும் தருகிறது, காய்களைத் தீவனமாகவும் தருகிறது. வேம்பும் வன்னியும்கூட வறட்சியைத் தாங்குபவை. விரைவாய் வளர்வது மட்டும் நன்மையன்று. இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலமே அதற்குச் சாட்சி.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதலாவது, ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு? 20, 30, 40 ஆண்டுகள் நீள்பவை உண்டு. அதுவரை மரத்தை வெட்டவும் நிலத்தை விற்கவும் தடை உண்டா?

இரண்டாவது, விற்ற தொகையில் உங்கள் பங்கு எவ்வளவு, எப்பொழுது?

மூன்றாவது, கன்றுகள் பட்டுப்போனால் மறுபடியும் நடும் செலவு யாருடையது?

நான்காவது, பட்டா யார் பெயரில்? கூட்டுப் பட்டாவானால் உடன்பிறந்தோர் அனைவரும், சகோதரிகள் உட்பட, சம்மதித்தனரா? இன்று கேளாமல் இட்ட ஒரு கையெழுத்து நாளை குடும்பத்தைப் பிரிக்கும்.

இந்திய அரசு 2014-இல் தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கையையும், 2023-இல் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டத்தையும் அறிவித்தது உண்மையே. ஆயினும் உங்கள் கையிலுள்ள தாளுக்கு அவை உத்தரவாதமல்ல. அதைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். விவரமறிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இறுதியாக உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு ரூபாயும் வராவிட்டாலும் இம்மரங்களை நடுவேனா? “ஆம்” என்றால் மகிழ்ச்சியோடு நடுங்கள். பணம் தாமதித்தாலும் நிழலும் தீவனமும் உங்கள் நிலத்திற்கு மிஞ்சும். “இல்லை” என்றால், அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.