"ஓடிப்போயிருப்பாள்" என்று சொல்லும் முன்...

செபராங் ஜெயாவில் இப்படி ஒரு மாலையை எண்ணிப் பாருங்கள். பிறை தொழிற்பேட்டையில் வேலை முடிந்து தாய் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறார். டியூஷனுக்குப் போன 14 வயது மகள் வீட்டில் இல்லை. கைப்பேசிக்கு அழைத்தால் பதில் இல்லை. அடுக்குமாடியின் கீழே நான்கு பேர் கூடுகிறார்கள். காணாமற்போனது ஐந்து வயதுக் குழந்தை என்றால் அந்த நால்வரும் ஆளுக்கொரு பக்கம் தேடக் கிளம்பியிருப்பார்கள். இவள் பருவப் பெண். ஆகவே முதல் கேள்வியே வேறாக வருகிறது: "யாரோடாவது பழக்கமா?"

பார்ப்பதற்குச் சாதாரணக் கேள்விதான். இந்த எண்ணத்தோடு காவல் துறையும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஒரு வழக்கு இருக்கிறது.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் செபராங் ஜெயா இருப்பதுபோல, டில்லிக்கு அருகே யமுனையின் மறுகரையில் இருக்கும் புறநகர் நொய்டா. அதன் நடுவே நிதாரி என்ற கிராமம். வங்காளம், பீகாரிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். 2005 பிப்ரவரியில் அங்கே 14 வயதுச் சிறுமி ஒருத்தி காணாமற்போனாள். அதைத் தொடர்ந்து மேலும் பல பிள்ளைகள் மறைந்தனர். புகார் கொடுக்கப் போன ஏழைப் பெற்றோருக்கு நிலையத்தில் கிடைத்த பதில், பிள்ளை ஓடிப்போயிருப்பாள் என்பதுதான். 2006 டிசம்பர் இறுதியில் ஒரு பங்களாவின் பின்புறச் சாக்கடையிலிருந்து எலும்புகள் வெளிவந்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. அலட்சியம் காட்டிய போலீசார் சிலர் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது.

பங்களாவின் உரிமையாளர் மொனிந்தர் சிங் பாந்தேரும் வேலையாள் சுரேந்திர கோலியும் கைதானார்கள். 2009-இல் இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு, அந்த 14 வயதுச் சிறுமியின் வழக்கில் பாந்தேரை அலகாபாத் உயர்நீதிமன்றம் விடுவித்தது. கோலியின் தண்டனையை 2011-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. விஷயம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் 2023 அக்டோபரில் கோலி 12 வழக்குகளில் விடுதலையானார். எஞ்சி நின்ற ஒரே வழக்கு அந்தச் சிறுமியின் வழக்கு. 2025 நவம்பர் 11-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அதிலும் அவரை விடுவித்தது.

காரணம் கவனிக்கத்தக்கது. சுமார் 60 நாள் காவலில் இருந்த பிறகு, முறையான சட்ட உதவி இல்லாமல் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம். தோண்டுவதற்கு முன்பே பாதுகாக்கப்படாத இடம். அலட்சியமும் தாமதமும் உண்மையைக் கண்டறியும் வழியையே கெடுத்துவிட்டன என்று நீதிமன்றம் வருந்தியது. தொடக்கத்தில் தேடாததால் பிள்ளையை மட்டும் இழக்கவில்லை. யார் செய்தது என்ற விடையும் சேர்ந்தே போய்விட்டது. இருபது ஆண்டு நீதிமன்றம் ஏறி இறங்கிய பெற்றோருக்கு இது எத்தகைய தீர்ப்பு!

இதற்கிடையே 2013 மே மாதம் இந்திய உச்சநீதிமன்றம் இன்னொரு வழக்கில் முக்கியமான உத்தரவு போட்டது. பிள்ளை காணவில்லை என்று புகார் வந்தால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். கடத்தல் என்றே கருதி விசாரணையைத் தொடங்க வேண்டும். ஓடிப்போனது என்றால் அது விசாரணையில் தெரிய வரட்டும்.

மலேசியாவில் 2007-இல் எட்டு வயது நூரின் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 2011-இல் 'நூர் அலர்ட்' என்ற அவசர அறிவிப்பு முறை வந்தது. அவளைக் கொன்றவர் யார் என்பதும் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அந்த முறை தொடங்கப்பட்டபோது 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்றே வகுக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டமோ 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் சிறார் என்கிறது. நாட்டில் காணாமற்போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பதின்ம வயதினர், அதிலும் பெண்பிள்ளைகள் என்பது போலீஸ் பதிவுகள் காட்டும் உண்மை. அவர்களில் பலர் தாமாகவே வீட்டை விட்டுச் சென்றவர்கள்தாம், மறுப்பதற்கில்லை. கோபித்துக்கொண்டு போன 14 வயதுப் பெண் நள்ளிரவு பேருந்து நிலையத்தில் யார் கண்ணில் படுவாள் என்பதல்லவா கேள்வி?

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் செய்ய வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அப்படி ஒரு விதி இல்லை; போலீசாரே பலமுறை சொல்லிவிட்டார்கள். எந்த நிலையத்திலும் உடனே புகார் கொடுக்கலாம். அவசரத்திற்கு 999, சமூகநல உதவிக்குத் தாலியான் காசே 15999.

புகாருக்குப் போகும்போது அண்மையில் எடுத்த படம், அன்று போட்டிருந்த உடை, கடைசியாகக் கைப்பேசியில் பேசிய நேரம், நெருங்கிய தோழிகளின் பெயர்கள் ஆகியவை கையில் இருக்கட்டும். திருமணத்திற்குப் பட்டுடுத்தி எடுத்த படத்தை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது. "மானம் போய்விடும்" என்று தோழிகளிடம் விசாரிக்காமல் இருக்கும் வீடுகளும் உண்டு. அவள் எங்கே போனாள் என்பது பெரும்பாலும் அந்தத் தோழிகளுக்குத்தான் தெரியும். இன்னொன்று, வழியில் உள்ள கடைகளின் கண்காணிப்பு கேமராக்கள். சில நாட்களில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். கடைக்காரரிடம் அந்த மாலைப் பதிவை அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அன்றிரவே.