வாவிக்கு மேலே ட்ரோன்: ஊருக்குக் கொண்டுவருமுன் தெரிந்திருக்க வேண்டியவை

ஆடி, ஆவணி மாதங்களில் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுகள் மட்டக்களப்புக்கு வருவது வழமை. அவர்களின் பயணப் பெட்டிகளில் சொக்லேட், சவர்க்காரம் ஆகியவற்றோடு இப்போது ட்ரோனும் வருகிறது. கல்லடிப் பாலம், முகத்துவாரம் வெளிச்சவீடு, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேர், விட்டுப் போன வளவு என எல்லாவற்றையும் ஒருமுறை மேலே இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால், வந்து இறங்கிய அடுத்த நாளே அதை எடுத்துப் பறக்கவிட இலங்கைச் சட்டம் இடங்கொடுக்காது.

பலர் தடுமாறுவது நிறையில். கனடாவில் 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனைப் பதிவு செய்யத் தேவையில்லை. அந்த எல்லையை மனதில் வைத்தே சில நிறுவனங்கள் 249 கிராமில் ட்ரோன் செய்து விற்கின்றன. அதை வாங்கியவர், 'இது சின்னது, இதற்கு அனுமதி வேண்டாம்' என்ற நம்பிக்கையோடு விமானம் ஏறுகிறார். இலங்கையின் கணக்கு வேறு. இங்கே ட்ரோன்கள் நிறைப்படி நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன: 25 கிலோவுக்கு மேல், 1 முதல் 25 கிலோ வரை, 200 கிராம் முதல் 1 கிலோ வரை, 200 கிராமுக்குக் குறைவானவை. கடைசி வகை ஏறத்தாழ விளையாட்டுப் பொருள். 249 கிராம் ட்ரோன் அதற்குள் அடங்காது. ரொறன்ரோவில் பதிவில்லாமல் பறந்தது கட்டுநாயக்கவில் இறங்கியதும் பதிவு செய்யவேண்டிய வகைக்குள் வந்துவிடுகிறது.

இதற்குப் பொறுப்பானது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சிவில் விமான சேவைகள் சட்டத்தின் கீழ் அது இந்த விதிகளை நடைமுறைப்படுத்துகிறது. முதலில் ட்ரோனைப் பதிவு செய்து இலக்கம் பெறவேண்டும். அதன் பிறகு எங்கே, எந்த நாட்களில், என்ன தேவைக்குப் பறக்கவிடப் போகிறீர்கள் என்று சொல்லித் தனியாக அனுமதி கேட்கவேண்டும். அதற்குப் பாதுகாப்பு அமைச்சின் இணக்கமும் தேவை. நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் அந்த அமைச்சின் அனுமதி வேண்டும். ட்ரோன் வானொலி அலையில் இயங்குவதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இதில் சம்பந்தப்படுகிறது. யாருக்கும் சேதம் வந்தால் ஈடுகட்ட மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் கேட்பார்கள்.

பதிவையும் அனுமதியையும் ஒன்றாக எண்ணிக் குழம்பிவிடக்கூடாது. பதிவு இலக்கம் உங்கள் கையில் இருந்தாலும் அது வாவிக்கு மேலே பறப்பதற்கான அனுமதி ஆகாது. இத்தனை அலுவலகங்களின் பதிலும் இரண்டு கிழமை விடுமுறைக்குள் வந்து சேராது. பயணத்துக்கு ஓரிரு மாதங்கள் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. கடிதம் கைக்கு வராமல் ட்ரோனோடு வந்துவிட்டால், சுங்கத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். திரும்பிப் போகும்வரை அவர்கள் அதைத் தடுத்து வைக்கலாம். சொல்லாமல் கொண்டுவந்து பிடிபட்டால் அது வேறு பிரச்சினை.

(மேலதிக லிதியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். பெரிய பெட்டிக்குள் போட விமான நிறுவனங்கள் விடாது.)

அனுமதி கிடைத்த பின்னும் பொதுவான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. பகலில் மட்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள், சனக்கூட்டத்துக்கு மேலாகப் போகாமல் பறக்கவிட வேண்டும். கடைசி விதியை நம் ஊர்த் திருவிழாவோடு பொருத்திப் பாருங்கள். மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தம், கொக்கட்டிச்சோலைத் தேர், வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு என ஆட்கள் ட்ரோனில் படம்பிடிக்க விரும்புவது கூட்டம் நெருக்கியடிக்கும் இடங்களைத்தான். வடம் பிடிக்கும் கூட்டத்துக்குள் ட்ரோன் விழுந்தால் அதன் விசிறி ஒரு பிள்ளையின் கண்ணைக் கெடுக்கப் போதும்.

மட்டக்களப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாவிக்கரையிலேயே, நகரத்துக்கு மிக அருகில், திமிலைதீவில் விமான நிலையம் இருக்கிறது. 1958 இல் தொடங்கியது. 1983 இல் விமானப்படையின் கைக்குப் போனது. 2016 இல் திருத்தப்பட்டு உள்ளூர் விமான சேவைக்குத் திறக்கப்பட்டது. 2018 இல் சர்வதேச விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. அங்கே விமானப்படை முகாம் இன்றும் உள்ளது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ட்ரோன் பறக்கவிடுவது எந்த நாட்டிலும் கட்டுப்படுத்தப்பட்டதுதான். 'நான் தண்ணிக்கு மேலேதானே விட்டேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. நகரம், வலையிறவு, புதூர்ப் பக்கங்களில் அந்தத் தண்ணீரும் விமானம் ஏறி இறங்கும் வழிக்கு அருகில்தான் இருக்கிறது. கச்சேரி முன்பு இயங்கிய பழைய ஒல்லாந்தர் கோட்டையும் வாவியோரம்தான். கரையெங்கும் பொலிஸ், படை முகாம்கள் வேறு.

2019 ஏப்ரல் 21 இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்தன. மட்டக்களப்புச் சியோன் தேவாலயமும் அவற்றில் இலக்கானது. சில நாட்களுக்குள் நாடு முழுவதும் ட்ரோன் பறப்பது இடைநிறுத்தப்பட்டது. அந்தத் தடை பின்னர் நீங்கினாலும், நாட்டின் நிலைமை மாறினால் கையிலிருக்கும் அனுமதிக் கடிதம் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போகும் என்பதை அது காட்டியது. பறக்கவிடும் நாளுக்கு முன் ஒருதடவை அதிகார சபையிடம் விசாரிப்பது வீண் வேலை அல்ல.

வடக்கு கிழக்கில் சட்டத்தைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. அனுமதியில்லாமல் பறக்கவிட்டவர் இரண்டு கிழமையில் விமானம் ஏறிவிடுவார். 'யார் வீட்டில் நின்றவர், எதைப் படம்பிடித்தார், யாருக்கு அனுப்பினார்' என்ற கேள்விகள் அந்த வீட்டில் தங்கிவிடும் மருமகனிடமோ வயோதிபத் தாயிடமோதான் கேட்கப்படும். துயிலுமில்லங்கள், படைகள் நிற்கும் காணிகள், மயிலத்தமடு போன்ற பிணக்குள்ள மேய்ச்சல் தரைகள் ஆகிய இடங்களில் ட்ரோன் படம் வெறும் சுற்றுலாப் படமாகப் பார்க்கப்படாது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஊரை ஆவணப்படுத்துவது தேவையான வேலை. அதற்காகவே அதை முறையான கடிதத்தோடு செய்யவேண்டும். திரும்பும்போது ட்ரோனை மருமகனுக்கு அன்பளிப்பாக விட்டுப் போவதும் இதே கதைதான். உங்கள் பெயரில் உள்ள பதிவு அவருக்குச் செல்லாது.

அந்தச் சத்தத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் வன்னியில் சனம் வேவு விமானத்தை 'வண்டு' என்று அழைத்தது. வண்டு சுற்றிப் போனால் பின்னால் கிபிரோ எறிகணையோ வரும் என்பது அன்றைய அனுபவம். படுவான்கரைக்கும் வானத்துச் சத்தத்தோடு பழைய கணக்கு உண்டு. 1987 ஜனவரியில் இறால் பண்ணைப் படுகொலை நடந்த கரை அது. அந்தக் கரையில் தோணியில் வலை இழுக்கும் ஒருவரின் தலைக்கு மேலே, எங்கிருந்தோ ஓர் இரைச்சல் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பறக்கவிடுபவருக்கு அது ஒரு நல்ல படம், தோணிக்காரருக்கு அப்படியல்ல. கிராம உத்தியோகத்தருக்கும், கோயில் நிர்வாகத்துக்கும், மீனவர் சங்கத்துக்கும் முதல்நாளே சொல்லிவைக்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

இத்தனைக்கும் நேரமில்லாதவருக்கு ஒரு வழி இருக்கிறது. கலியாணப் படப்பிடிப்புச் செய்யும் உள்ளூர்க் கலைஞர்கள் சிலரிடம் ட்ரோன் உண்டு. பதிவு இலக்கத்தையும் அந்த நாளுக்கான அனுமதியையும் காட்டச் சொல்லி, காட்டுபவரிடம் வேலையைக் கொடுக்கலாம். கச்சான் காற்று எந்த நேரம் எழும்பும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மத்தியானத்துக்குப் பிறகு அந்தக் காற்றில் 249 கிராம் ட்ரோன் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்குப் போனால், மின்கலம் தீருமுன் எதிர்க்காற்றில் திரும்பி வருவது கடினம். வாவிக்குள் விழுந்ததைத் தேடி எடுக்க யாராலும் இயலாது.