இரண்டு முறை உப்பிட்ட தரவு

செயலிக்கும் சர்வருக்கும் இடையே தரவு இன்று பெரும்பாலும் ஜேசன் வடிவில்தான் போய்வருகிறது. அதில் எழுத்துத்தொடர் இரட்டை மேற்கோள்குறிகளுக்குள் அடைபட்டிருக்கும். உள்ளேயே இன்னொரு இரட்டை மேற்கோள் வந்துவிட்டால், படிக்கும் நிரல் தொடர் முடிந்துவிட்டதென்று ஏமாந்துபோகும். ஆகவே அதன் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போடுகிறார்கள். இதுதான் எஸ்கேப் செய்தல். தரநிலை கட்டாயமாகக் கேட்பது கொஞ்சம்தான்: இரட்டை மேற்கோள், பேக்ஸ்லாஷ், கண்ணுக்குத் தெரியாத 32 கட்டுப்பாட்டுக் குறிகள். தமிழ் எழுத்து எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. இருந்தும் பைத்தானின் ஜேசன் நிரலகமும் பிஎச்பியும், நாம் வேண்டாமென்று சொல்லாவிட்டால், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் பேக்ஸ்லாஷ், யு, நான்கு பதினாறடிமான இலக்கங்கள் என ஆறு எழுத்தாக்கிவிடுகின்றன. 'தமிழ்' என்ற சொல்லுக்கு யுனிகோடில் 5 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டில் அடங்குவது 30 பைட்டாகிறது. ஆஸ்கி அல்லாததை வழியிலுள்ள கணினிகள் சிதைத்துவிடலாம் என்ற பழைய பயத்தின் மிச்சம் இது. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8259 தரநிலை, பொதுவெளியில் பரிமாறும் ஜேசன் யுடிஎஃப்-8 ஆகவே இருக்கவேண்டும் என்று முடித்துவிட்டது. ஆனாலும் இதை வீண்செலவு என்பேனே தவிர, பிழை என்னமாட்டேன்: பெறும் நிரல் ஜேசனைப் பிரித்ததுமே பழைய எழுத்து அப்படியே திரும்பிவிடும்.

தொல்லை, தானாகத் திரும்பாத எஸ்கேப்பில் இருக்கிறது. 'ராமன் & சன்ஸ்' என்ற கடைப் பெயரைச் சர்வரே எச்டிஎம்எல்லுக்காக எஸ்கேப் செய்து அனுப்பினால், '&' என்ற ஒற்றைக் குறி ஐந்து எழுத்தாகிறது. ஜேசனைப் பிரிக்கும் நிரலுக்கு அதை மாற்றத் தெரியாது. வலைப்பக்கத்தை வரையும் ரியாக்ட், ஜாங்கோ போன்றவை தம் வழக்கப்படி மறுபடி எஸ்கேப் செய்ய, ஐந்து ஒன்பதாகும். இரண்டு பேர் உப்புப் போட்ட குழம்புபோல, திரையில் பெயர் குளறுபடியாகத் தெரியும். மூலத்திலேயே செய்துவிட்டால் யாரும் மறந்து, திருட்டு ஸ்கிரிப்ட் நுழைய வழியிராதே என்று கேட்கலாம். அக்கறை நியாயமானது, இடம்தான் தவறு. அதே பெயர் குறுஞ்செய்திக்கும் பில்லுக்கும் போகும். அங்கே எச்டிஎம்எல் கிடையாது. எந்தக் குறி ஆபத்து என்பதைச் சேரும் இடமே தீர்மானிக்கிறது, புறப்படும் இடத்துக்கு அது தெரியாது. (ஜேசனை எச்டிஎம்எல் பக்கத்தின் ஸ்கிரிப்ட் பகுதிக்குள்ளேயே பதிக்கும்போது '<' குறியை எஸ்கேப் செய்வது வேறு கதை: சேருமிடம் தெரிந்தே, ஜேசன் முறையிலேயே செய்வதால் அது தானாகத் திரும்பிவிடும்.) ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளத்தின் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் வாசல்), எச்டிஎம்எல்லுக்குப் பாதுகாப்பான வடிவம், அந்த உறுதி இல்லாத வடிவம் என இரண்டையும் வைத்துக் கேட்பவரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, குறைந்தபட்சம் ஒளிவுமறைவில்லாத ஏற்பாடு. ஏபிஐ எழுதுபவர்கள் தரவை உள்ளபடியே அனுப்புங்கள். முடியாதென்றால், எதற்காக எஸ்கேப் செய்திருக்கிறோம் என்று ஆவணத்தில் ஒரு வரியாவது எழுதிவையுங்கள்.